புகையிலை தின்ற மண்

கிராமக் கூட்டங்களில் பயிர் சுழற்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவது வழக்கம். "நாலு வருஷமாக இந்த ஒரு பயிர்தான் கையில் காசு கொடுக்கிறது. காசு தருகிற பயிரை விட்டுவிட்டு வேறு பயிருக்கு மாறச் சொல்கிறீர்களே, அது எப்படி ஐயா?" என்று யாராவது ஒரு பெரியவர் எழுந்து கேட்பார். நியாயமான கேள்விதான். கடனுக்கு வட்டி கட்ட வேண்டியவர் அவர். எனவே கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. மண் பரிசோதனை முடிவைக் காட்டி இதற்குப் பதில் சொல்லலாம். ஆனால் ஒரு நாட்டின் சரித்திரத்தைச் சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும்.

அந்த நாடு அமெரிக்கா. இன்று கோதுமை, மக்காச்சோளம், சோயா மொச்சை ஆகியவற்றை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் அந்நாட்டின் ஆரம்ப காலத்தில், வர்ஜீனியா என்னும் பகுதியில் குடியேறிய ஆங்கிலேயர் ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஒரே பணப்பயிரை நம்பி வாழ்ந்தனர். அந்தப் பயிர் புகையிலை. முதலில் அது அவர்களை வாழ வைத்தது. பிறகு அதுவே அவர்களுடைய நாணயமாயிற்று. கடைசியில் நிலத்தைச் சத்தற்றதாக்கி, பலரைக் கடனில் ஆழ்த்தியது. அதிலிருந்து மீள வழி தேடிய விவசாயிகளில் ஒருவர்தான் பின்னாளில் அந்நாட்டின் முதல் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டன். அதிகம் பேர் அறியாத இந்த வரலாற்றை உழவர் பெருமக்கள் தெரிந்துகொள்வது பயனுள்ளதாக இருக்கும்.

தங்கம் தேடி வந்தவர்கள்

1607-ஆம் ஆண்டு மே மாதம், 104 ஆங்கிலேய ஆண்களும் சிறுவர்களும் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் இறங்கி, ஜேம்ஸ்டவுன் என்ற குடியிருப்பை ஏற்படுத்தினர். லண்டன் வணிகர்கள் பங்கு போட்டுத் தொடங்கிய வர்ஜீனியா கம்பெனி இவர்களை அனுப்பியிருந்தது. வந்தவர்களில் பலர் விவசாயிகள் அல்லர். தங்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவர்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த இடமோ சதுப்பு நிலம். குடிநீரும் உப்புக் கலந்தது.

அப்பகுதியில் ஏற்கெனவே வாழ்ந்துவந்த பவ்ஹாட்டன் இனத்தவர் நல்ல விவசாயிகள். அவர்கள் மக்காச்சோளத்தைச் சிறு சிறு மண் மேடுகளில் விதைத்து, அதன் அருகிலேயே அவரை இனத்தைச் சேர்ந்த பயறையும் பூசணியையும் ஊன்றுவார்கள். மக்காச்சோளத் தட்டையே பயற்றங்கொடிக்குக் கொழுகொம்பு. பூசணி இலைகள் தரையை மூடிக் களை வராமலும் ஈரம் காயாமலும் காக்கும். இந்த மக்களிடமிருந்து பண்டமாற்றாகவும் பலவந்தமாகவும் பெற்ற மக்காச்சோளத்தால்தான் வந்தவர்கள் முதல் ஆண்டுகளில் உயிர் பிழைத்தனர்.

இரு சாராருக்கும் பகை முற்றியபோது சோளம் நின்றது. 1609-10-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த சுமார் 300 பேரில், வசந்தம் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் ஏறக்குறைய 60 பேர்தான். குதிரை, நாய், எலி, செருப்புத் தோல் என்று எதையும் விட்டு வைக்காமல் தின்றார்கள். அந்தக் குளிர்காலத்துக்கு அமெரிக்கச் சரித்திரத்தில் "பட்டினிக் காலம்" என்றே பெயர்.

அதுவரை எல்லோரும் கம்பெனியின் நிலத்தில் பொதுவாக உழைத்து, பொதுக் களஞ்சியத்திலிருந்து உணவு பெற்றுவந்தனர். 1614-ஆம் ஆண்டு வாக்கில் அதிகாரியாக இருந்த தாமஸ் டேல், குடியேறியவர்களுக்கு ஆளுக்கு 3 ஏக்கர் நிலம் பிரித்துக் கொடுத்தார். தன் வயல் என்று ஆனதும் உழைப்பு கூடிற்று; உணவு உற்பத்தியும் பெருகியது. ஆனால் அதற்குள் வேறொரு பயிர் உள்ளே நுழைந்துவிட்டது.

தெருவிலும் புகையிலை

ஜான் ரால்ஃப் என்பவர் 1612-ஆம் ஆண்டு ஒரு புதிய இரகப் புகையிலையைப் பயிரிட்டுப் பார்த்தார். அப்பகுதி மக்கள் பயிரிட்ட புகையிலை காரமானது. இங்கிலாந்தில் அதற்கு மதிப்பு இல்லை. ரால்ஃப் வரவழைத்தது, ஸ்பானியர் வசமிருந்த தென்பகுதிகளில் விளைந்த மென்மையான இரகத்தின் விதை. அது வர்ஜீனியா மண்ணில் நன்றாக வந்தது. (பவ்ஹாட்டன் தலைவரின் மகளான போக்கஹான்டஸை 1614-இல் மணந்தவரும் இந்த ரால்ஃப்தான்.)

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அப்போது இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸ் மன்னர் புகையிலையின் பரம விரோதி. புகை பிடிப்பது அருவருப்பானது, உடலுக்குக் கேடு என்று 1604-ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதி வெளியிட்டவர். ஆனால் புகையிலை மீது விதித்த சுங்க வரி கஜானாவில் வந்து விழத் தொடங்கியதும், அந்த வருமானத்தை அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

1617-ஆம் ஆண்டு 20,000 ராத்தல் புகையிலை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. (ஒரு ராத்தல் சுமார் 450 கிராம்.) அதே ஆண்டு புதிதாகப் பொறுப்பேற்க வந்த அதிகாரி கண்ட காட்சி வியப்பானது. ஜேம்ஸ்டவுனில் வீடுகள் இடிந்து கிடந்தன. ஆனால் சந்தை கூடும் இடத்திலும், தெருவிலும், காலியாகக் கிடந்த மூலை முடுக்குகளிலும் புகையிலை நடப்பட்டிருந்தது. பட்டினியால் ஊரே அழிந்து 7 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இந்த ஆபத்தை டேல் முன்கூட்டியே உணர்ந்திருந்தார். தனக்காக 2 ஏக்கரும், தன்னிடமுள்ள ஒவ்வொரு வேலையாளுக்காக 2 ஏக்கரும் தானியம் பயிரிட்ட பிறகுதான் புகையிலை நடலாம் என்று கட்டளையிட்டார். முதலில் உணவு, பிறகு பணம் என்ற அந்த விதியைப் பலர் பொருட்படுத்தவில்லை. புகையிலைக்காகப் புது நிலம் தேடி ஆற்றங்கரை நெடுகிலும் பரவினார்கள். அங்கே வாழ்ந்த மக்களின் நிலம் பறிபோயிற்று. பொறுக்க முடியாத பவ்ஹாட்டன் மக்கள் 1622-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரே நாளில் தாக்கியதில் குடியேறியவர்களில் 347 பேர் மாண்டனர். அதன் பின் நெடுங்காலம் நடந்த சண்டைகளில் அம்மக்கள் அதைவிடப் பன்மடங்கு இழந்தனர்.

இலையே நாணயம்

வர்ஜீனியாவில் நாணயப் புழக்கம் மிகக் குறைவு. ஆகவே புகையிலையே பணமாயிற்று. வரி, அபராதம், கடன், கூலி எல்லாம் இத்தனை ராத்தல் என்றே கணக்கிடப்பட்டன. 1619-ஆம் ஆண்டு கூடிய முதல் சட்டசபை, புகையிலைக்கு விலை நிர்ணயம் செய்தது: முதல் தரம் ராத்தலுக்கு 3 ஷில்லிங், இரண்டாம் தரம் அதில் பாதி. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இங்கிலாந்திலிருந்து மணப்பெண்கள் கப்பலில் அனுப்பப்பட்டனர். மணந்துகொள்ளும் ஆண், பெண்ணின் பயணச் செலவுக்காகக் கம்பெனிக்கு 120 முதல் 150 ராத்தல் வரை நல்ல புகையிலை கட்ட வேண்டும்!

அளவில் கட்ட வேண்டிய பாக்கி எவ்வளவு சிக்கலானது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். மாதாகோயில் பாதிரியாருக்கு ஆண்டுச் சம்பளம் 16,000 ராத்தல் புகையிலை என்று வர்ஜீனியாவில் சட்டம் இருந்தது. 1758-ஆம் ஆண்டு வறட்சியால் விளைச்சல் குறைந்து, ராத்தல் 2 பென்னி விற்ற புகையிலை 6 பென்னி ஆயிற்று. விளைச்சல் இல்லாத ஆண்டில் அதே 16,000 ராத்தலைக் கட்டுவது எப்படி? நெல் குத்தகைக்கு நிலம் பிடித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே விளங்கும். எனவே, ராத்தலுக்கு 2 பென்னி வீதம் பணமாகக் கட்டினால் போதும் என்று சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. பாதிரியார்கள் லண்டனுக்கு முறையிட்டனர். மன்னர் அச்சட்டத்தை ரத்து செய்தார். ஒரு பாதிரியார் மிச்சச் சம்பளத்துக்கு வழக்குத் தொடர்ந்தார். 1763-ஆம் ஆண்டு டிசம்பரில் பேட்ரிக் ஹென்றி என்ற 27 வயது வக்கீல், மக்களின் நலனுக்கான சட்டத்தை ரத்து செய்யும் மன்னர் தம் உரிமையை இழக்கிறார் என்று வாதாடினார். ஜூரர்கள் பாதிரியாருக்கு வழங்கிய நஷ்ட ஈடு ஒரே ஒரு பென்னி! சுதந்திரப் போராட்டத்தின் முன்னோடியாகக் கருதப்படும் வாதங்களில் ஒன்று இப்படிப் புகையிலைக் கணக்கில் பிறந்தது. அந்த வக்கீல் 1776-இல் சுதந்திர வர்ஜீனியாவின் முதல் கவர்னரானார்.

உழைத்தது யார்?

புகையிலை ஆண்டு முழுதும் ஆள் கேட்கும் பயிர். குளிர்கால முடிவில் நாற்றங்கால், மே மாத வாக்கில் நடவு, பிறகு களை எடுப்பு, நுனி கிள்ளுதல், சிம்பு ஒடித்தல், புழு பொறுக்குதல், வெட்டு, கொட்டகையில் தொங்கவிட்டுப் பாடம் செய்தல், கடைசியில் இலையைப் பீப்பாயில் அழுத்தி அடைத்தல் என்று வேலை ஓயாது. ஒரு பீப்பாய் ஏறக்குறைய 1,000 ராத்தல் பிடிக்கும். வண்டியில்லாத இடங்களில் அந்தப் பீப்பாய்களையே சக்கரம்போல் உருட்டித் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றார்கள்.

இந்த வேலைக்கு முதலில் வந்தவர்கள் இங்கிலாந்தின் ஏழைகள். கப்பல் கட்டணத்துக்கு ஈடாக 4 முதல் 7 ஆண்டுகள் கூலியின்றி உழைப்பதாக எழுதிக் கொடுத்து வந்தவர்கள். இப்படி ஓர் ஆளை அழைத்து வருபவருக்கு ஆளுக்கு 50 ஏக்கர் நிலம் கிடைத்தது. 1619-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வர்ஜீனியாவில் இறக்கப்பட்டு, உணவுப் பொருள்களுக்கு ஈடாகக் கைமாற்றப்பட்டனர். நாளடைவில் எழுதிக் கொடுத்து வந்த வெள்ளையர் குறைந்து, அடிமைகள் பெருகினர். 1770-களில் வர்ஜீனியாவின் மக்கள் தொகையில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பேர் அடிமைகள். புகையிலைப் பணத்தின் பின்னால் இவர்களது கூலியில்லா உழைப்பு இருந்தது என்பதை மறந்துவிட்டு இச்சரித்திரத்தைச் சொல்ல முடியாது.

நள்ளிரவில் பயிரை வெட்டியவர்கள்

எல்லோரும் ஒரே பயிரை நட்டால் விலை என்ன ஆகும்? ஒரு காலத்தில் 3 ஷில்லிங், அதாவது 36 பென்னி, பெற்ற ஒரு ராத்தல் புகையிலை, 1660-களுக்குப் பிறகு ஒரு பென்னிக்கும், சில ஆண்டுகளில் அதற்கும் கீழேயும் போயிற்று. இங்கிலாந்துக்கு மட்டுமே அனுப்ப வேண்டும் என்ற சட்டமும் 1660-இல் வந்ததால், வேறு சந்தை தேடவும் வழியில்லை. விலை குறையக் குறைய, கடனைக் கட்ட இன்னும் அதிகமாக நட்டார்கள். அதிகம் நட்டதால் விலை இன்னும் குறைந்தது.

ஓர் ஆண்டு நடவையே நிறுத்தும்படி உத்தரவிடுங்கள் என்று விவசாயிகள் அரசிடம் கேட்டனர். அது கிடைக்கவில்லை. 1682-ஆம் ஆண்டு மே மாதம் மனம் வெறுத்த விவசாயிகள் கூட்டமாகச் சென்று, முதலில் தங்கள் இளம் பயிரையும், பிறகு அண்டை அயலார் பயிரையும் வெட்டிச் சாய்த்தனர். படை வந்ததும் பகலில் ஓய்ந்து, இரவில் வெட்டினர். இரண்டு ஆண்டுகள் கழித்து, இப்படிக் கூட்டமாகப் பயிரை அழிப்பது ராஜத் துரோகம் என்று சட்டம் செய்யப்பட்டது. விதைத்த கையே வெட்டும் நிலைக்கு வந்த வேதனையை அச்சட்டம் தீர்க்கவில்லை.

ஓரளவு தீர்த்தது, 1730-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டுச் சட்டம். குப்பை இலைகளைக் கலந்து பீப்பாயில் அடைத்து அனுப்பும் வழக்கம் மலிந்திருந்தது. புதுச் சட்டப்படி ஒவ்வொரு பீப்பாயும் அரசுக் கிடங்கில் திறந்து பார்க்கப்பட்டது. மட்டமான இலை எரிக்கப்பட்டது. நல்ல சரக்குக்கு ரசீது தரப்பட்டது. அந்த ரசீதே பணமாகக் கைமாறியது. சிறு விவசாயிகள் முதலில் இதைக் கடுமையாக எதிர்த்தனர். சில கிடங்குகளுக்குத் தீ வைத்ததும் உண்டு. ஆனால் தரம் உயர்ந்ததும் வர்ஜீனியா சரக்குக்கு மீண்டும் நல்ல பெயர் கிடைத்தது.

மண் என்ன ஆயிற்று?

விலையைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. காட்டு மரங்களின் பட்டையை வளையமாக வெட்டிப் பட்டுப்போகச் செய்து, வேர்க்கட்டைகளுக்கிடையே மண்வெட்டியால் மேடு கட்டிப் புகையிலை நடுவார்கள். புதுக் காட்டு மண்ணில் முதல் 3, 4 போகம் அமோகமாக வரும். பிறகு அந்த நிலம் மக்காச்சோளத்துக்கும், அதன் பிறகு கோதுமைக்கும் சில ஆண்டுகள் பயன்படும். அதன் பின் அப்படியே போட்டுவிட்டு வேறு காட்டை அழிக்கப் போய்விடுவார்கள். விடப்பட்ட நிலம் மறுபடி உயிர் பெற 20 ஆண்டுகள் ஆகும்.

இதற்குக் காரணங்கள் உண்டு. புகையிலை, மண்ணிலிருந்து தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் ஏராளமாக எடுத்துக்கொள்ளும் பயிர். விளைந்த இலை முழுவதும் கப்பலேறிப் போய்விடுகிறது. களையே இல்லாமல் கொத்திவிட்ட வெற்று மண்ணை மழை அடித்துக்கொண்டு போயிற்று. தொழு உரம் இடலாம் என்றால், சாண எரு இட்ட புகையிலையின் மணம் கெட்டுவிடும் என்று வாங்குபவர்கள் ஒதுக்கினார்கள். மாடுகளும் தொழுவத்தில் இல்லை. பயிருக்கு வேலி போட்டுவிட்டு, மாடுகளைக் காட்டில் மேயவிட்டார்கள். சாணம் காட்டோடு போயிற்று.

மண் போன இடத்தை ஆறுகள் காட்டிக் கொடுத்தன. பக்கத்திலிருந்த மேரிலாந்தில் போர்ட் டொபாக்கோ என்ற துறைமுகத்துக்குக் கடல் கடந்து கப்பல்கள் வந்து சரக்கு ஏற்றிய காலம் உண்டு. மேட்டு நிலங்களிலிருந்து அடித்து வந்த வண்டல் படிந்து படிந்து, கப்பல் வர முடியாமல் அந்தத் துறைமுகமே தூர்ந்து போயிற்று.

அதோடு கடனும் சேர்ந்தது. பெரிய விவசாயிகள் தங்கள் சரக்கை லண்டன் வணிகருக்கு அனுப்புவார்கள். அவர் விற்று, வரி, கப்பல் கூலி, தரகு எல்லாம் கழித்துக்கொண்டு, மீதிக்குத் துணியும் கருவியும் அனுப்புவார். விற்பவரும் அவரே, விலை சொல்பவரும் அவரே, கடன் கொடுப்பவரும் அவரே. இந்தக் கடன் தகப்பனிடமிருந்து மகனுக்குச் சொத்துப்போல இறங்கி வந்தது என்று பின்னாளில் ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் எழுதியிருக்கிறார்.

பெட்டிக்குள் பத்து வயல்

1732-இல் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன், பொட்டோமேக் ஆற்றங்கரையில் மவுண்ட் வெர்னன் என்ற பண்ணையை நடத்திவந்தார். அவரும் புகையிலை விவசாயிதான். எவ்வளவு பாடுபட்டும் அவருடைய இலைக்கு நல்ல விலை கிடைக்கவில்லை. 1764-ஆம் ஆண்டில் லண்டன் வணிகருக்கு அவர் தரவேண்டிய பாக்கி ஏறக்குறைய 1,800 ஸ்டெர்லிங் பவுன். அந்நாளில் அது பெருந்தொகை.

1760-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி அவர் தம் நாட்குறிப்பில் எழுதிய ஒரு செய்தி எம்போன்ற விவசாய ஆராய்ச்சியாளர்களை இன்றும் வியக்க வைக்கிறது. ஒரு மரப்பெட்டியைப் பத்து அறைகளாகத் தடுத்தார். முதல் அறையில் வயல் மண் மட்டும். மற்ற அறைகளில் அதே மண்ணோடு குதிரைச் சாணம், மாட்டுச் சாணம், ஆட்டு எரு, ஆற்று வண்டல், சுக்கான் மண், மணல் என்று ஒவ்வொன்றில் ஒவ்வொன்றைக் கலந்தார். ஒவ்வோர் அறையிலும் கோதுமை 3, ஓட்ஸ் 3, பார்லி 3 என்று விதைகளை ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில் ஊன்றினார். வெயிலில் வைத்திருந்த தண்ணீரை எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக ஊற்றினார். எரு இடாத முதல் அறை எதற்கு? மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. விவசாயக் கல்லூரியோ ஆராய்ச்சி நிலையமோ அந்நாட்டில் இல்லாத காலத்தில், ஒரு விவசாயி ஒரு பெட்டியில் நடத்திய வயல் பரிசோதனை இது.

படிப்படியாக அவர் புகையிலையைக் குறைத்து, 1766-ஆம் ஆண்டு வாக்கில் மவுண்ட் வெர்னனில் கோதுமையையே முக்கிய விற்பனைப் பயிராக்கினார். 1764-இல் சில நூறு புஷலாக இருந்த கோதுமை விளைச்சல் 1769-இல் 6,000 புஷலைத் தாண்டியது. அதாவது ஏறக்குறைய 160 டன். கோதுமையை லண்டன் வணிகரின் தயவின்றி உள்ளூரிலேயே விற்க முடிந்தது. சொந்த ஆலையில் அரைத்து மாவாகவும் விற்க முடிந்தது.

எருவின் மீது அவருக்கு அளவுகடந்த அக்கறை. தொட்டதையெல்லாம் எருவாக மாற்றத் தெரிந்த பண்ணை மேலாளர் வேண்டும். எருதான் பொன்னாவதற்கு முதல் படி என்ற கருத்துப்பட ஒரு நண்பருக்கு எழுதினார். 1787-இல் எருவைச் சேர்த்து மக்க வைப்பதற்கென்றே, சுமார் 31 அடி நீளம், 12 அடி அகலத்தில், கூரை வேய்ந்து பக்கங்கள் திறந்த ஒரு கொட்டகை கட்டினார். வெயிலும் மழையும் எருவின் சத்தைக் கொண்டுபோகாமல் இருக்கவே கூரை. பழைய அடித்தளத்தின் மீது மீண்டும் கட்டப்பட்ட அந்தக் கொட்டகையை இன்றும் அங்கே காணலாம். தானியம், பயறுவகைத் தீவனம், மேய்ச்சல் என்று 7 ஆண்டுச் சுழற்சித் திட்டம் வகுத்தார். பாப்பரை என்ற பயிரைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது பசுந்தாள் உரமாக்கினார்.

கதிரடிப்புக்கும் ஒரு புதுமை செய்தார். திறந்த களத்தில் குதிரைகளைச் சுற்றவிட்டு மிதிக்கச் செய்தால் தானியத்தில் மண்ணும் சாணமும் கலந்துவிடும். ஆகவே 1792 முதல் 1795 வரை, 16 பக்கங்கள் கொண்ட வட்டமான மாடிக் களம் ஒன்று கட்டப்பட்டது. மாடித் தரையில் பலகைகளுக்கிடையே ஒன்றரை அங்குல இடைவெளி. மேலே குதிரைகள் தாம்பு சுற்ற, தானியம் மட்டும் சலித்தாற்போல் கீழ்த்தளத்தில் விழும்.

இக்களத்தைக் கட்டியவர்களும், வயலில் இறங்கி உழைத்தவர்களும் அடிமைகளே. 1799-இல் வாஷிங்டன் காலமானபோது அங்கு 317 அடிமைகள் இருந்தனர். அவர்களில் அவருக்குச் சொந்தமான 123 பேரை விடுதலை செய்யும்படி உயில் எழுதியிருந்தார். மற்றவர்களுக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை.

சாதாரண விவசாயியின் புத்தகம்

எல்லோரும் வாஷிங்டன் ஆகிவிடவில்லை. பழைய ஏக்கருக்கு எரு இடுவதைவிடப் புது ஏக்கர் வாங்குவதே மலிவு என்று 1793-இல் ஜெஃபர்சன் எழுதினார். சரிவான நிலத்தைக் குறுக்காக, சம உயரக் கோட்டில் உழ வேண்டும் என்பதை உணர்ந்து தம் பண்ணையில் செய்தும் காட்டியவர் அவர். ஆனாலும் கடன் அவரை விடவில்லை. 1826-இல் அவர் மறைந்தபோது இருந்த கடன் 1 இலட்சத்து 7 ஆயிரம் டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவரது பண்ணைப் பொருள்களோடு, ஏறக்குறைய 130 அடிமைகளும் ஏலம் விடப்பட்டனர். ஒருவர் பட்ட கடனுக்காக வேறு பலரின் குடும்பங்கள் சிதறின.

அதே வர்ஜீனியாவில் லவுடன் என்ற மாவட்டத்தில் ஜான் பின்ஸ் என்றொரு விவசாயி இருந்தார். பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். சத்திழந்த நிலத்தில் ஜிப்சம் தூவி, குளோவர் என்னும் பயறுவகைத் தீவனப் பயிரை வளர்த்து, ஆழ உழுது மடக்கி, அதன் பிறகு கோதுமை விதைத்தார். பல ஆண்டுகள் செய்து பார்த்த பலனை 1803-இல் ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சன் அதைப் பிரிட்டனில் உள்ள விவசாய அறிஞருக்கு அனுப்பி வைத்தார். "லவுடன் முறை" என்ற பெயரில் அது பல மாவட்டங்களுக்குப் பரவி, கைவிடப்பட்ட நிலங்கள் மறுபடி விளைந்தன.

இது எப்படி வேலை செய்தது? ஜிப்சம், சுண்ணாம்புச் சத்தையும் கந்தகச் சத்தையும் தந்து குளோவரை ஊக்குவித்தது. குளோவரின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்த்தன. பயறுவகைப் பயிரின் இந்த இரகசியத்தை ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ரீகல் 1886-இல்தான் நிரூபித்தார். காரணம் தெரிவதற்கு 80 ஆண்டுகள் முன்பே பலனை அந்த விவசாயி கண்டுவிட்டார்.

நாம் அறிய வேண்டியவை

கூட்டத்தில் கேள்வி கேட்கும் பெரியவருக்கு இப்போது பதில் சொல்லலாம். காசு தரும் பயிரை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை மட்டுமே நம்பாதீர்கள் என்பதே வேண்டுகோள்.

முதலாவது, வீட்டுக்கு உணவும் மாட்டுக்குத் தீவனமும் தரும் நிலத்தைப் பணப்பயிருக்கு முழுவதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தெருவில் புகையிலை நட்டவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் தெருவில் பட்டினி கிடந்தவர்கள்.

இரண்டாவது, வயலிலிருந்து வண்டியேறிப் போவது விளைபொருள் மட்டுமல்ல, மண்ணின் சத்தும்தான். போனதை எருவாகவோ உரமாகவோ திருப்பித் தர வேண்டும். ஒரு போகமாவது பயறுவகைப் பயிரோ பசுந்தாள் உரமோ இடையில் வர வேண்டும். குப்பைக் குழிக்கு மேலே ஒரு கீற்றுப் பந்தல் போடப் பெரிய செலவு ஆகாது.

மூன்றாவது, கடன் கொடுப்பவரும் விளைச்சலை வாங்குபவரும் ஒருவரே என்றால், விலை சொல்லும் உரிமை நம் கையில் இராது. இயன்றவரை இந்த இரண்டையும் பிரித்து வையுங்கள்.

நான்காவது, புதிய முறை எதையும் யார் சொன்னாலும் முழு வயலிலும் செய்துவிட வேண்டாம். ஐந்து சென்டில் செய்து, பக்கத்தில் ஐந்து சென்டைப் பழைய முறையில் விட்டு, இரண்டின் மகசூலையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். வாஷிங்டன் பெட்டியின் முதல் அறையில் வெறும் மண்ணை வைத்தது இதற்காகத்தான். விஞ்ஞானி சொல்வதையும் அப்படியே சோதித்துப் பார்த்து, பலன் தெரிந்த பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள்.

வர்ஜீனியா விவசாயிகளுக்கு ஒரு வசதி இருந்தது. மண் செத்ததும் விட்டுவிட்டுப் போக, மேற்கே பிறருக்குச் சொந்தமான காடு கிடந்தது. நமக்கு அப்படி ஓர் இடம் இல்லை. இருக்கும் ஒன்றிரண்டு ஏக்கர்தான் நம் பிள்ளைகளுக்கும். அதை உயிரோடு வைத்திருப்பதே நாம் செய்யக்கூடிய நல்ல விவசாயம்.